தொடாதவர்களுக்கான வழி

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் நாத்தனார் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். ஆபரேஷன் செய்த கண் இப்போது மூலையில் கிடக்கும் தூசியைக்கூடக் காட்டிக்கொடுக்கிறது. வீட்டில் இவ்வளவு தூசி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் இருந்ததே நிம்மதியாக இருந்தது. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிற ஒரே ஆள் நீதான். தபால்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் விளம்பரப் படம் செய்கிறவள், எனக்கு ஒரு போன் செய்ய மாட்டேன் என்கிறாய். நான் செய்தாலும் எடுப்பதில்லை. ஆபீசில் போனைத் தொட விடுவதில்லை என்று எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமையுமா?

சரி, உன்னை ஏன் சொல்ல வேண்டும். என் தம்பி, அந்த வாயாடி, எங்கே போனான்? கண் ஆபரேஷனுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முதல் நாள் போன் செய்து, "வர முடியலக்கா, வேலை" என்றான். குரல்கூடக் கம்மியிருந்தது. பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். கோபத்தில், "இனிமே என்கிட்ட பேசாதே"ன்னு சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான் அப்படிச் சொல்வது முதல் தடவையா? சின்ன வயதில் வாரம் ஒரு தடவை சொல்வேன். அடுத்த நிமிஷமே, "பேசாதேன்னியே, எதைப் பத்திப் பேசக்கூடாது?" என்று வந்து நிற்பான். இந்தத் தடவை நிஜமாகவே பேசாமல் இருக்கிறான். எனக்கு அது பழக்கமில்லை. அவனிடம் சொல்.

உன் வேலை எப்படிப் போகிறது? அதையும் விவரமாக எழுது. பதிலைத் தபால்காரரோடு சேர்ந்து எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கண் குணமானது எங்கள் இருவருக்கும் பெரிய சந்தோஷம். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அவருக்குத் தொண்டை சரியில்லை, அதனால்தான் பேசுவதில்லை. உங்கள் மேல் கோபம் துளிகூட இல்லை. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். இணையத்தில் வீடியோ பார்க்கும்போது நடுவில் விளம்பரம் வருமே, உடனே எல்லோரும் தள்ளிவிடுகிற பட்டனைத் தேடுவார்களே, அந்த விரலுக்கு வேறு வேலை கொடுப்பதுதான் என் பிழைப்பு. இப்போது ஒரு பெயிண்ட் கம்பெனிக்குச் செய்திருக்கிறோம். ஒரு காலி அறை. ஒரு ஏணி. மூன்று டப்பா. மஞ்சளைத் தொட்டால் சுவர் மஞ்சளாகி, ஒரு குடும்பம் சாமான்களோடு உள்ளே வரும். நீலத்தைத் தொட்டால் ஒரே ஒருவர், புத்தகப் பெட்டியோடு. பச்சையைத் தொட்டால் ஒரு குழந்தையும் தொட்டிலும்.

எனக்குப் பிடித்தது நான்காவது வழி. பார்க்கிறவர் எதையுமே தொடாவிட்டால்? படம் அப்படியே நின்றால் கெட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். "சீக்கிரம் தொடுங்கள்" என்று அவசரப்படுத்தலாம் என்று நான் எழுதி வைத்திருந்தேன். உங்கள் தம்பிதான் அதை அடித்துவிட்டார். "தொடாதவனை விரட்டாதே. பக்கத்துல போய் உக்காந்துக்கோ" என்றார். அப்படியே செய்தோம்.

படிகளில் பார்த்து ஏறி இறங்குங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
சின்னவள்


பிப்ரவரி 8

என் அருமைச் சின்னவளுக்கு,

தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல் என்று எழுதத்தான் பேப்பரை எடுத்து வைத்திருந்தேன். இனி அது தேவைப்படாது போலிருக்கிறது.

நான் வேலை பார்க்கும் பல் டாக்டர், கிளினிக் வரவேற்பில் நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே ஒரு தொடுதிரையை மாட்டியிருக்கிறார். வருகிறவர்கள் வாயில் வைத்த விரலோடு அதைத் தடவுகிறார்கள் என்று, "திரையைத் தொடாதீர்கள்" என்று அவரே பெரிதாக எழுதி ஒட்டியும் இருக்கிறார். தொடக் கூடாது என்றால் எதற்குத் தொடுதிரை என்று கேட்டேன். தள்ளுபடியில் கிடைத்ததாம்.

நேற்று மத்தியானம் அதில் ஏதோ வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் காலி அறை வந்தது. ஏணி வந்தது. மூன்று டப்பா. அட, நம் சின்னவளின் விளம்பரம் என்று நிமிர்ந்தேன். யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பரவாயில்லை. அவசரமே இல்லை. நிதானமா யோசிங்க. நான் இங்கேதான் இருக்கேன்" என்று ஒரு குரல். ரசீது எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. என் தம்பி.

அதோடு விட்டானா? "இன்னும் முடிவு பண்ணலையா? வேணும்னா எங்க அக்கா வீட்டுச் சுவர் கலரைத் தரேன். அது என்ன கலருன்னு அவளுக்கே தெரியாது" என்கிறான். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அந்த வலியிலும் சிரித்துவிட்டார். அந்த அக்கா நான்தான் என்று எழுந்து சொல்லலாமா என்று இருந்தது. சொல்லிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் இன்னும் ஒரு முறை வந்தது. ஒரு பெண்மணி டப்பாவைத் தொடக் கையை நீட்டினார். "ஏம்மா, போர்டு கண்ணுக்குத் தெரியலையா" என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்து பார்த்தார்.

தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் "நான் இங்கேதான் இருக்கேன்" என்கிறான். எனக்கு மட்டும் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. குரலைக் கேட்டதில் சந்தோஷம்தான். அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து அழுதேன் என்பதையும் அவனிடம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 13

மதிப்பிற்குரிய மேலாளருக்கு வணக்கம்.

நம் பெயிண்ட் விளம்பரத்தில் ஒரு தவறு நடந்திருக்கிறது. அதை நானே தெரிவிக்க வேண்டும் என்பதால் இந்த மின்னஞ்சல்.

படத்தின் நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடிட்டர் தன் குரலிலேயே டம்மியாகப் பேசி வைப்பார். நடிகர் வந்து பேசியதும் அதை மாற்றிவிடுவோம். மூன்று வழிகளில் மாற்றினோம். எதையும் தொடாதவர்களுக்கான நான்காவது வழியில் டம்மி குரலே இன்னும் ஓடுகிறது. சோதித்துப் பார்த்த ஒருவரும் கவனிக்கவில்லை. நம் ஆபீசில் விரலை அடக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் சும்மா உட்கார யாராலும் முடியாது. நான் உட்பட எல்லோரும் ஏதாவது ஒரு டப்பாவைத் தொட்டுவிட்டோம்.

அந்தக் குரல் என் கணவருடையது. நீங்கள் இங்கே சேர்வதற்கு முன் இந்தப் படத்தின் எடிட்டர் அவர்தான். நவம்பரில் புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். ஆனால் பேச முடியாது. காற்றை விழுங்கி, அதை ஏப்பம் போல மேலே கொண்டுவந்து, சொல்லாக மாற்றுகிற பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

இந்தச் செய்தி அவருடைய அக்காவுக்குத் தெரியாது. தன் வாயாலேயே அவரிடம் சொல்ல வேண்டும் என்று இவர் பிடிவாதமாக இருக்கிறார். போனில் பேசினால் "அவன்கிட்ட குடு" என்பார் என்று நான் காகிதக் கடிதம் எழுதி நாளைக் கடத்துகிறேன். அந்த அக்கா இப்போது விளம்பரத்தில் தம்பியின் குரலைக் கேட்டுவிட்டார். தவறு எனக்குத் தெரிந்ததே அப்படித்தான்.

திருத்துவதுதான் முறை. திருத்தும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று மட்டும் கேட்கிறேன். ஆபீசுக்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பணிவுடன்,
வடிவமைப்பாளர்


பிப்ரவரி 14

வணக்கம்.

உங்கள் மின்னஞ்சலைப் படித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அந்த வழியில் காத்திருந்து கேட்டேன். அக்கா வீட்டுச் சுவர் வந்தபோது சிரித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

கிளையண்டிடம் பேசினேன். அவர்களுக்கு அந்தக் குரல் பிடித்திருக்கிறது. அக்கா வரியை மட்டும் நீக்கிவிட்டு அதே ஆளை மறுபடி பேசித் தரச் சொல்கிறார்கள். அவரால் வர இயலாது என்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை. எனவே நடிகரே பேசுவார். மாதக் கடைசி வரை தள்ளி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை.

மூலப் பதிவை அழிக்காமல் உங்களுக்குத் தனியாக எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அவரை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மேலாளர்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. சுவர் விஷயத்தைப் படித்து அவர் வெகு நேரம் சிரித்தார். நீங்கள் அழுத இடத்தையும் படித்தார்.

அந்தப் பதிவு பழையது, அண்ணி. விளம்பரத்தில் அது மாறப்போகிறது. இப்போதைக்கு இதற்கு மேல் எழுத முடியவில்லை. ஆபீசில் வேலை கழுத்தை நெரிக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட மறக்காதீர்கள்.

அன்புடன்,
சின்னவள்


மார்ச் 5

சின்னவளுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று அந்த விளம்பரம் வந்தது. அறை, ஏணி, டப்பா எல்லாம் இருந்தன. "பரவாயில்லை, அவசரமே இல்லை" என்ற அதே வார்த்தைகளும் இருந்தன. ஆள்தான் வேறு. நன்றாகத்தான் பேசுகிறார், கணீரென்று. அக்காவைப் பற்றிய பேச்சே இல்லை. பல்லைப் பிடுங்க வந்திருந்த அதே பெரியவர், "என்னம்மா, உங்க தம்பியை எடுத்துட்டாங்களா?" என்றார்.

பழைய பதிவு, மாறப்போகிறது என்று நீ எழுதியிருந்தாய். நான் சின்னக் குழந்தை இல்லை. நான் கேட்டேன் என்று எழுதினேன், உடனே அது காணாமல் போகிறது. அவன்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறான். கோபத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக, என் காதில் விழக்கூடாது என்று தன் குரலையே எடுத்துவிட்டானா?

அவ்வளவு வேண்டாதவளாகப் போய்விட்டேன் என்றால் சரி. இனி நான் எழுதவில்லை. நீ நடுவில் கிடந்து அல்லாடாதே. உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 11, சாப்பாட்டு மேஜை

உங்களுக்கு,

அக்காவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். "குரலையே எடுத்துவிட்டானா" என்ற இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டபடி இத்தனை நாள் எழுதினேன். இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுத மாட்டேன். ஆபீசுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறது.

(அதன் கீழே, பென்சிலில்)

இன்னும் கொஞ்ச நாள் கொடு. பயிற்சியில் "க்கா" வந்துவிட்டது. முன்னால் இருக்கிற "அ"தான் வர மாட்டேன் என்கிறது.

(அதற்கும் கீழே, பேனாவில்)

"அ" வருகிறவரை தம்பிக்குத் தான் வேண்டாதவள் என்று அவர் நினைத்துக்கொண்டே இருக்கட்டுமா?


மார்ச் 13

அக்கா,

வாயாடி எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்கிற முகம் எனக்கில்லை, இருந்தாலும் கேட்கிறேன். கண் எப்படி இருக்கிறது?

நீ பேசாதே என்று சொன்னதால் நான் பேசாமல் இருக்கவில்லை. உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? என்னால் பேச முடியாது, அக்கா. தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, அது வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். துணி கட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. நோய் போய்விட்டது என்கிறார் டாக்டர். இந்த வரியை இன்னொரு தரம் படி. அப்புறம் அழு.

உன் ஆபரேஷனுக்கு வர முடியாது என்று போன் செய்தேனே, அது ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து. மறுநாள் உன் கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்கள், அப்போது போய் இதைச் சொல்ல மனம் வரவில்லை. வேலை என்றேன். நீ திட்டினாய். உண்மையைச் சொன்னால், திட்டு வாங்கியது நன்றாக இருந்தது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அப்புறம், உன்னிடம் நானே சொல்ல வேண்டும் என்று பிடித்துக்கொண்டேன். என் சங்கதி எதுவும் இன்னொருவர் வாய் வழியாக உனக்கு வந்ததே இல்லை. பயிற்சி கொடுக்கிற அம்மா, "முதல்ல எந்தச் சொல் சொல்லணும்?" என்று கேட்டார். எழுதிக் காட்டினேன். "ஏன் சார், சுலபமா ஒண்ணு எடுத்துக்கக் கூடாதா" என்றார். காக்கா கத்துகிற மாதிரி "க்கா" மட்டும் வருகிறது. அதை வைத்துக்கொண்டு உனக்குப் போன் செய்ய எனக்கு வெட்கமாக இருந்தது.

நீ கேட்டது ஆபரேஷனுக்கு முன்னால் பேசியது. எடுக்கச் சொன்னது கம்பெனி, நான் இல்லை. என் குரல் வெளியே இருந்த ஒரே இடமும் போகிறது என்று தெரிந்த அன்று நான் சாப்பிடவில்லை. உன் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை.

சின்னவளைத் திட்டாதே. பொய்கள் என்னுடையவை, கையெழுத்துதான் அவளுடையது.

உன் தம்பி


மார்ச் 30

டேய்,

உன் கடிதம் வந்து நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் பேப்பர் நனைகிறது, எழுந்துவிடுகிறேன். இன்று நனைந்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைப் பற்றிக் கேட்டாய். ஆபரேஷன் செய்த கண்ணிலும் தண்ணீர் ஒழுங்காக வருகிறது.

கோபம் நிறைய இருக்கிறது. நேரில் தருகிறேன். பல் டாக்டர் மே மாதம்தான் லீவு தருவாராம். அதுவரை "அ" வரட்டும் என்று நீ உட்கார்ந்திருப்பாய். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

உனக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது நினைவிருக்கிறதா? இரண்டு கன்னமும் உப்பி, வாயைத் திறக்க முடியாமல் கிடந்தாய். எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளே விடவில்லை. நான் பக்கத்து அறையில் சுவரோரம் உட்கார்ந்து கத்திக் கத்திக் கேட்பேன், நீ தட்டுவாய். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. மூன்று தட்டும் ஒன்று உண்டு, அது உனக்குத் தெரியும். வாய் மூடிக் கிடந்தபோதும் அந்த வீட்டில் நீதான் ஓயாமல் பேசினாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வேன். இந்தத் தடவை எடு. நான் கேட்கிறேன், நீ தட்டு.

சின்னவளே, நீயும் பக்கத்தில் இரு. உன்னைத் திட்டவில்லை. பொய்யை இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதாதே, நம்பத் தோன்றுகிறது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

போனில் பேசிய பிறகும் கடிதம் எழுதுகிறேன், பழகிவிட்டது. எங்கள் நலத்தை நேற்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். அந்தப் பக்கம் இருந்ததால் உங்களுக்குத் தெரியாமல் போனதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காலை எழுந்ததிலிருந்து போனை மேஜை மேல் வைத்து, பேனாவால், கரண்டியால், விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சத்தம் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும் என்று. எடிட்டர் புத்தி எங்கே போகும். கடைசியில் விரல் முட்டிதான் என்று முடிவானது.

"சாப்பிட்டியாடா" என்றீர்கள். ஒரு தட்டு. "வலிக்குதா" என்றீர்கள். இரண்டு தட்டு. அது பொய், அண்ணி, கொஞ்சம் வலிக்கிறது. "என் மேல கோபமா" என்றீர்கள். அவர் இரண்டு தட்டுத் தட்டியதில் மேஜை மேல் இருந்த தண்ணீர் சிந்தியது.

அப்புறம் "ரொம்ப பயந்துட்டியாடா" என்று கேட்டீர்கள். தட்டே வரவில்லை. லைன் போய்விட்டது என்றுகூட நினைத்திருப்பீர்கள். நான் கேட்டபோதெல்லாம் அந்தக் கேள்விக்கு அவர் எனக்குப் பதில் எழுதியதே இல்லை. போன் மேல் குனிந்து வாயைத் திறந்தார். "அக்கா" என்று சொல்லப் பார்க்கிறார் என்று புரிந்தது. காற்றுதான் வந்தது. அவருக்குப் பதிலாக நான் ஏதாவது சொல்லிவிடலாமா என்று எழுந்தேன். அதற்குள் நீங்கள் பேசினீர்கள்.

"பரவாயில்லை. அவசரமே இல்லை. நிதானமா யோசி. நான் இங்கேதான் இருக்கேன்."

எதையும் தொடாமல் உட்கார்ந்திருக்கிற யாரோ முகம் தெரியாத ஒருவருக்காக அவர் அந்த வார்த்தைகளை எழுதும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அவை தன்னிடமே திரும்பி வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். தோள் குலுங்க அழுதார். அழுதாலும் சத்தம் வராது, அதனால் உங்களுக்குக் கேட்டிருக்காது. அழுது முடித்து ஒரு தட்டுத் தட்டினார். அது மட்டும் கேட்டிருக்கும்.

மே மாதம் நீங்கள் வருவதற்குள் உங்கள் வீட்டுச் சுவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். என்ன கலர் என்று முடிவு கட்டாமல் விடமாட்டாராம்.

"முதல் நாளுக்கு இது போதும், வச்சுடட்டுமா" என்று நீங்கள் கேட்டதும் அவர் மூன்று தட்டுத் தட்டினார். அதற்கப்புறம் நீங்கள் போனை வைக்கவே இல்லை. கிளினிக், பல் பிடுங்கிய பெரியவர், தபால்காரர், வீட்டுத் தூசி என்று சொல்லிக்கொண்டே போனீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அப்புறம் கேட்டேன். பென்சிலை எடுத்து எழுதிக் காட்டினார்.

"ஏதாவது பேசிக்கிட்டே இரு."

அன்புடன்,
சின்னவள்